பப் நடத்துவது கேவலமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

இங்கிலாந்தில் பப் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் நம் மாணவனைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாளாக ஓடும் பேச்சைப் பார்த்தேன். "படிச்சுட்டுப் போயி கடைசியில சாராயக் கடையா?" என்கிறார் ஒருவர். "வாத்தியார் பேரைக் கெடுத்துட்டான்" என்கிறார் இன்னொருவர். என் பெயரை இழுத்ததால் சொல்கிறேன். என் பெயர் கெடவில்லை.

நான் குடிப்பவன் அல்ல. யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. கள்ளுண்ணாமை அதிகாரத்தை எப்படி நடத்தினேன் என்பது உங்களுக்கே தெரியும். என் கேள்வி ஒன்றுதான். விற்கிறவனுக்குப் பொறுப்பு உண்டா, இல்லையா?

அங்கே உண்டு. 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் நான்கு நோக்கங்களைச் சொல்கிறது: குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை வராமல் தடுப்பது, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. கடைக்கு ஓர் உரிமம், பொறுப்பாளருக்குத் தனியாக ஓர் உரிமம். அந்த இரண்டாவதை வாங்க அவன் பரீட்சை எழுதித் தேறினான். குற்றப் பின்னணி இல்லை என்று சான்று கொடுத்தான். பொறுப்பாளர் பெயரோடு உரிமச் சுருக்கத்தைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்ட வேண்டும்.

வயது வரம்பு 18. ஆனால் 25க்குக் கீழே தெரியும் யாரிடமும் அவன் கடையில் அடையாள அட்டை கேட்பார்கள். ஏற்கெனவே போதையில் இருப்பவருக்கு ஊற்றினால் அது குற்றம், ஊற்றிய பணியாளருக்கும் சேர்த்து. குடிதண்ணீர் கேட்டால் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். இரவு 11 மணிக்கு மேல் பாட்டுக் கச்சேரி வைக்க உரிமத்தில் அனுமதி வேண்டும். சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் உரிமத்தை மறு ஆய்வு செய்யச் சொல்லி மனுக் கொடுக்கலாம். நகராட்சி மன்றம் விசாரித்து நேரத்தைக் குறைக்கலாம், உரிமத்தையே பறிக்கலாம்.

அதாவது, காசோடு வந்து நிற்பவரிடம் "போதும், வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்வது அவன் தொழிலில் ஒரு பாதி. அதைச் சொல்லத் தைரியம் வேண்டாமா?

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் கையில். இங்கும் விதி இருக்கிறது. 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. எந்தக் கடைக் கம்பிக்குள்ளிருந்தாவது "வயசு என்ன தம்பி?" என்ற குரலைக் கேட்டிருக்கிறீர்களா? உள்ளே விற்பவர் சம்பளத்துக்கு நிற்கும் ஊழியர். பக்கத்து பார் டெண்டர் எடுத்தவருடையது. விற்கும் நிறுவனமும் அதைக் கண்காணிக்கும் அதிகாரிகளும் ஒரே துறைக்குள். அந்தத் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை! நிற்க முடியாதவருக்கு இன்னொரு குவார்ட்டர் கொடுத்தது யார் என்று கேட்டால் கை காட்ட ஆளில்லை. தெருவில் விழுந்து கிடப்பவரைத் தூக்கிப் போவது மட்டும் அவர் மனைவியின் பொறுப்பு.

"அங்கே மட்டும் குடிகாரர்கள் இல்லையா சார்?" என்பீர்கள். இருக்கிறார்கள். சட்டம் யாரையும் உத்தமராக்காது. தப்பு நடந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்பதைக் காட்டும். நமக்கு அதுகூட இல்லை.

அவனைக் கேவலம் என்றவர்களில் சிலர் வீட்டு விசேஷங்களுக்கு நானும் வந்திருக்கிறேன். பந்தி ஒரு பக்கம், கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம். கல்லூரிப் பையன்களும் அங்கேதான் நின்றார்கள். எவரும் வயது கேட்கவில்லை. "போதும்டா" என்று சொல்லவும் ஒரு பெரியவர் இல்லை. அதற்குக் கௌரவம் என்று பெயர், இவன் செய்வதற்குக் கேவலம் என்று பெயரா?

கருத்து வேறுபாடு இருந்தால் கீழே தாராளமாக எழுதுங்கள். அவனையோ அவன் பெற்றோரையோ இழிவாக எழுதினால் நீக்கிவிடுவேன். வகுப்பில் இருந்த அதே விதிதான்.