‘இது எதுக்குப்பா?’

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு மாணவன்)



கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கிறோம். விலையைப் பார்க்கிறோம். உடனே மனசுக்குள்ளே ஒரு குரல் கேட்கிறது, ‘இது எதுக்கு?’ என்று. சிலருக்கு அந்தக் குரல் மெதுவாகத்தான் கேட்கும். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கோ அது அப்பாவின் குரலாகவே கேட்கும்! அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்ல முடியாத ஒரு பொருளைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் எழுத வந்திருக்கிறேன். அது அமெரிக்காவில் பிறந்த ஒரு மேசை விளையாட்டு. அதை மனிதர்கள் என்னென்ன கிறுக்குக் காரணங்களுக்காக வாங்கியிருக்கிறார்கள், அந்தக் காரணங்கள் அவ்வளவு கேவலமானவைதானா என்பதே என் விஷயம்.

என்ன விளையாட்டு அது?

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். மேசை இல்லையா, பாய் போதும். ஒருவர் கதை நடத்துபவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். ‘எதிரே ஒரு குகை. உள்ளே ஏதோ உறுமுகிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கதை நடத்துபவர் கேட்பார். உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். ஜெயித்தவர், தோற்றவர் என்ற முடிவே கிடையாது. வசனம் எழுதி வைக்காத நாடகத்தைப் பகடை உருட்டி நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கி, 1974-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனிவா என்ற சிறிய ஊரிலிருந்து வெளியிட்டார்கள். ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். முதலில் அச்சடித்தது வெறும் 1000 பிரதிகள். அது விற்றுத் தீர்ந்து, பிறகு உலகமெங்கும் பரவி, இன்று ஐம்பது வருடங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

வாங்கியவர்கள் சொன்ன காரணங்கள்

விளையாடத்தானே வாங்கியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் வேடிக்கையே!

முதல் காரணம் பகடை. நமக்குத் தெரிந்த பகடைக்கு ஆறு முகம். இந்த விளையாட்டில் 4, 8, 12, 20 முகப் பகடைகளும் உண்டு. ஆறு முகத்தையும் சேர்த்தால், எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கும் ஐந்து ஒழுங்குக் கன உருவங்களும் வந்துவிடும். கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த இந்த உருவங்களைக் கைகாக்ஸ் கண்டுபிடித்ததே பள்ளிக்கூடங்களுக்குப் பொருள் விற்கும் ஒரு பட்டியலில்தான். 1979 வாக்கில் பகடைக்குத் தட்டுப்பாடு வந்து, பெட்டிக்குள் எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளை வைத்து விற்றார்கள். 1980-களில் வந்த பெட்டிகளில் பகடையோடு ஒரு மெழுகுக் குச்சியும் இருந்தது. முகத்தில் குழிவாக இருக்கும் எண்களுக்கு நாமே வண்ணம் தீட்டிக்கொள்ள வேண்டும்! இன்றைக்கும் விதிகளைப் படிக்காமல் பகடையை மட்டும் வாங்கி வாங்கிச் சேர்க்கிறவர்கள் உண்டு.

இரண்டாவது அட்டைப் படம். 1983-ல் வந்த சிவப்புப் பெட்டியின் மேலே லாரி எல்மோர் என்ற ஓவியர் ஒரு சிவப்பு டிராகனையும், அதன் எதிரே வாள் ஓங்கி நிற்கும் வீரனையும் வரைந்திருந்தார். அந்தப் படத்துக்காகவே பெட்டியைத் தூக்கிய பையன்கள் ஏராளம். சுவீடனிலிருந்து வந்த ‘மோர்க் போர்க்’ என்ற விளையாட்டின் மஞ்சள் அட்டைப் புத்தகத்தை விளையாட அல்ல, புரட்டிப் பார்க்கவே வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது சினிமாவும் தொலைக்காட்சியும். 1982-ல் வந்த ‘ஈ.டி.’ படத்தில் பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இப்படி ஒரு விளையாட்டை ஆடுவார்கள். 2016-ல் ஆரம்பித்த ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரிலும் நான்கு பையன்கள் இதையே ஆடினார்கள். மறுபடியும் கடைகளில் கூட்டம். ‘அவதார்’ என்ற பொம்மைப்படத் தொடரை வைத்து 2021-ல் ஒரு விளையாட்டை அறிவித்தபோது, அச்சாவதற்கு முன்பே 81 ஆயிரத்துக்கும் அதிகமானோர் சேர்ந்து 95 லட்சம் டாலர் கட்டினார்கள். எத்தனை பேர் விளையாட்டுக்காகக் கட்டினார்கள், எத்தனை பேர் சின்ன வயசில் பார்த்த தொடரின் மேல் உள்ள பாசத்தால் கட்டினார்கள்? அவரவர் மனசுக்குத்தான் தெரியும்.

நான்காவது பயம். ஆமாம், பயம்தான்! 1979-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் காணாமல் போனார். இந்த விளையாட்டை ஆடித்தான் நிலத்தடிச் சுரங்கத்தில் தொலைந்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அவர் உயிரோடு கிடைத்தார். விளையாட்டு அவரைத் தொலைக்கவில்லை என்பதும் தெரிந்தது. ஆனால் அதற்குள் நாடு முழுக்கப் பேர் பரவி, விற்பனை பல மடங்கு ஏறிவிட்டது. ‘தொடாதே’ என்று சொன்னால்தானே தொட்டுப் பார்க்கத் தோன்றும்?

ஐந்தாவது கோபம். இந்த விளையாட்டின் அடிப்படை விதிகளை மற்றவர்களும் எடுத்துப் புத்தகம் போட 2000-லிருந்து அனுமதி இருந்தது. 2023 ஜனவரியில் அந்த அனுமதியை இறுக்கப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்தவர்கள் சும்மா இருக்கவில்லை, போட்டி விளையாட்டான ‘பாத்ஃபைண்டர்’ புத்தகத்தை வாங்கிக் குவித்தார்கள். எட்டு மாதத்துக்கு வரும் என்று வைத்திருந்த புத்தகங்கள் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டன என்று அந்த நிறுவனமே அறிவித்தது. கடைசியில் பழைய நிறுவனம் இறங்கி வந்து, அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அதே மாதத்தில் பொதுவில் விட்டது. கோபத்தில் வாங்கியதுகூட ஒரு ஓட்டுப் போட்ட மாதிரி ஆனது பாருங்கள்!

கடைசியாக, சிரிப்பு. கிராண்ட் ஹோவிட் என்பவர் 2017-ல் எழுதிய ‘ஹனி ஹைஸ்ட்’ என்ற விளையாட்டின் விதிகள் முழுவதும் ஒரே பக்கம். தேன் மாநாடு ஒன்று நடக்கிறது. தேனைத் திருட ஒரு கும்பல் வருகிறது. கும்பலில் இருப்பவர்கள் எல்லாரும் கரடிகள்! ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டே குணம், ஒன்று ‘கரடி’, மற்றது ‘குற்றவாளி’. திட்டம் சொதப்பினால் கரடிக் குணம் ஏறும், சரியாக நடந்தால் குற்றவாளிக் குணம் ஏறும். கரடிகள் தொப்பி போட்டுக்கொள்ளலாம் என்று கேட்டதற்காகவே அதை எடுத்தவர்கள் உண்டு என்றால் நான் நம்புவேன்.

என் காரணம்

ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு என்னுடையதையும் சொல்ல வேண்டாமா? பழைய புத்தகக் கடையில் 80 ரூபாய்க்கு நான் ஒன்று வாங்கினேன். அட்டை பாதி கிழிந்த, தண்ணீரில் ஊறிக் காய்ந்த ஆங்கில விதிப்புத்தகம். அதற்குள் 20 முகப் பகடையின் படம் இருந்தது. அந்த வாரம்தான் டிராயிங் வகுப்பில் பிரமிடு, கூம்பு இவற்றின் மேற்பரப்பை விரித்து வரைந்துகொண்டிருந்தோம். ‘அட, இதை விரித்தால் 20 சமபக்க முக்கோணம் வருமே!’ என்று தோன்றியது. வாங்கிவிட்டேன். அவ்வளவுதான் காரணம். டிராகன் எல்லாம் பிறகுதான்.

விடுதி அறையில் சார்ட் அட்டையில் விரிப்பு வரைந்து, வெட்டி, மடித்து, பெவிகால் போட்டு ஒட்டினோம். நல்ல பகடைதானா என்று பார்க்க 200 தடவை உருட்டிக் கணக்கு எழுதினோம். ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய பத்துத் தடவை வர வேண்டும் அல்லவா? பெரிய விளையாட்டு புரிய நாள் ஆனது. அதனால் முதலில் அந்தக் கரடி விளையாட்டை எங்கள் தமிழில் ஆடினோம். சிவில் பிரிவு நண்பன் ஒருவன் வகுப்பில் ‘எஸ் சார்’ தவிர வேறு வார்த்தை பேசி நாங்கள் கேட்டதில்லை. அவன் கரடியாக வந்து, வாசலில் நின்ற காவலாளியிடம், ‘அண்ணே, நான் தேன் கம்பெனி முதலாளியோட மச்சான்’ என்று ஆரம்பித்து அரை மணி நேரம் அளந்தான். அவன் குரலே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். போனில் கேட்டார்.

‘பாடப் புத்தகமாப்பா?’

‘இல்லப்பா.’

‘பரிட்சைக்கு உதவுமா?’

‘அதுவும் இல்லப்பா.’

‘அப்ப இது எதுக்குப்பா?’

‘ஆங்கிலம் வளரும்ப்பா’ என்று சொல்லியிருந்தால் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார். ‘வேலைக்குப் போகும்போது பேச்சுத் திறமை வரும்’ என்றும் சொல்லியிருக்கலாம். ரெண்டும் முழுப் பொய்யும் இல்லை. ஆனால் நான் ‘பிடிச்சிருந்துச்சுப்பா’ என்று மட்டும்தான் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டார்.

கணக்கில் ஒரு பத்தி

நண்பர்களே, இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். வசதியான வீட்டுப் பையன் 5000 ரூபாய்க்கு ஒரு விளையாட்டை வாங்கினால் அதற்கு ‘ஹாபி’ என்று பெயர். நாம் 80 ரூபாய்க்கு வாங்கினால் அதற்கு ‘ஊதாரித்தனம்’ என்று பெயர். அவன் ஆசைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. நம்முடைய ஆசை மட்டும் பரிட்சை எழுதிப் பாஸ் ஆக வேண்டியிருக்கிறது! ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்வி நம்மோடு பஸ் ஏறி, விடுதிக்கு வந்து, நம் கட்டிலிலேயே படுத்துக்கொள்கிறது.

நம் பெற்றோரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. கூலி வாங்குகிற கைக்குத்தான் தெரியும் ரூபாயின் கனம். ஆனால் அவர்களுக்கும் ஆசை இல்லாமல் போனதா? எனக்கு விவரம் தெரியாத வயசில், ஒரு சனிக்கிழமைக் கூலியில் அப்பா ஒரு ஜோடிப் புறா வாங்கி வந்தாராம். எதற்கு? ‘கழுத்து மினுமினுன்னு இருந்துச்சு.’ அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லித் திட்டுவார், திட்டும்போதே சிரித்தும்விடுவார். பகடைக்காகப் பெட்டி வாங்கிய அமெரிக்கப் பையனுக்கும் கழுத்துக்காகப் புறா வாங்கிய என் அப்பாவுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரியவில்லை. ஏழை வீட்டிலும் ஆசை கிறுக்காகத்தான் வரும், மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வராது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆசையைக் காசாக்கத் தெரிந்த வியாபாரிகள் அங்கே நிறையப் பேர். ‘குறைந்த பிரதிகள்தான்’, ‘இன்றோடு கடைசி’, ‘தங்க எழுத்து அட்டை’ என்று வலை விரிக்கிறார்கள். அலமாரி நிறையப் புத்தகம் இருக்கும், அதில் பாதி திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பரிட்சைக் கட்டணத்தையும் பஸ் காசையும் தொட்டு வாங்குவது ஆசை இல்லை, அது அடுத்தவர் வியர்வையில் கை வைப்பது. கடன் வாங்கி வாங்குவதும் அப்படியே. இந்த எல்லையை நான் மறுக்கவில்லை.

ஆனால் எல்லைக்கு உள்ளே இருக்கும் ஆசையைக் கேவலம் என்று சொல்லாதீர்கள். ஏன் வாங்கினோம் என்பது ஒரு நிமிஷத்துக் கதை. வாங்கின பிறகு என்ன செய்தோம் என்பதுதான் நீளமானது. அட்டைப் படத்துக்காக வாங்கினவன் நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் அந்தக் காசு வீணில்லை. ரொம்ப யோசித்து, நல்ல காரணம் எழுதி வைத்து வாங்கினவன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்றால் அதுதான் வீண். இந்த விளையாட்டுக்கு வேண்டிய முக்கியமான பொருளை எந்தக் கடையிலும் விற்பதில்லை. நாலு நண்பர்கள், நாலு மணி நேரம், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும் பொறுமை, இவைதான் அது. பணம் படைத்த ஊர்களில் பெட்டிகள் சேர்ந்து, ஆள் சேராமல் தவிக்கிறார்கள். நம் விடுதியிலோ ஒரு அறையில் ஆறு பேர்! விதிகள் பொதுவில் கிடைக்கின்றன, அச்செடுக்க ஜெராக்ஸ் கடை வாசலிலேயே இருக்கிறது, பகடையை நாமே செய்யலாம். இதில் நாம்தான் பணக்காரர்கள்.

ஆகவே தோழர்களே, தோழிகளே! மாதக் கடைசியில் வரவு செலவு எழுதும்போது சாப்பாடு, பஸ், நோட்டு, பரிட்சை என்று நாலு பத்தி போடுகிறீர்கள் அல்லவா? ஐந்தாவதாக ஒரு சின்னப் பத்தி போடுங்கள். அதற்கு மேலே ‘பிடித்திருந்தது’ என்று மட்டும் எழுதுங்கள். பத்து ரூபாயாக இருந்தாலும் சரி. அது விளையாட்டாக இருக்கலாம், புல்லாங்குழலாக இருக்கலாம், புறாவாகவும் இருக்கலாம். காரணம் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். வாங்கியதைப் பூட்டி மட்டும் வைக்காதீர்கள். பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள்!