புலி திரும்பி வருவதற்குள்

2025 ஜூன் 26. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டம், மாதேஸ்வரன் மலை வனவிலங்குச் சரணாலயத்தின் ஹூக்யம் வனச்சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்துப் போட்ட பசுவின் உடலில் யாரோ பூச்சிக்கொல்லி கலந்திருந்தார்கள். பசுவைப் பறிகொடுத்தவர் உட்படச் சிலர் கைதானார்கள். அடுத்த மாதமே, காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்யும்படி வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். தமிழகக் காடுகள் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் பிறப்பித்த மேய்ச்சல் தடை அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது.

ஐந்து புலிகளைக் கொன்றதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் தடை ஒன்றே மருந்து என்று அரசு நம்பினால், அடுத்த சாவுக்கும் அதுவே வழிவிடும்.

புலி ஒரு மாட்டை ஒரே வேளையில் தின்று முடிப்பதில்லை. வயிறு நிறைந்ததும் பக்கத்துப் புதரில் ஒதுங்கும். பொழுது சாய்ந்ததும் மிச்சத்துக்குத் திரும்பி வரும். குட்டி இருந்தால் கூட்டி வரும். மேய்ப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். நஞ்சு வைப்பதெல்லாம் மாடு அடிபட்டதற்கும் புலி திரும்புவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே கேள்வி.

பெரும்பாலும் யாரும் நிற்பதில்லை. வனவர் வந்து பார்க்க வேண்டும், கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும், மனு மேலிடம் போக வேண்டும். பணம் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. ஹூக்யத்தில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. அங்கே காவல் சுற்ற வேண்டிய ஒப்பந்த ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளம் வராமல், புலிகள் சாவதற்குச் சில நாள் முன்புதான் போராட்டம் நடத்தியிருந்தார்கள்.

இந்த நிலையில் தடையும் சேர்ந்தால் என்ன ஆகும்? சரணாலயத்துக்குள் மாடு செத்தது என்று சொல்பவர், தான் சட்டத்தை மீறியதைத் தானே ஒப்புக்கொண்டவர் ஆகிறார். அவர் அலுவலகப் படி ஏற மாட்டார். இழப்பு மறைக்கப்படும், கோபம் காட்டுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளப்படும்.

எல்லா மேய்ச்சலும் ஒன்றல்ல என்பதையும் அரசு பார்க்க வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழகத்தின் அந்தியூர் வட்டத்தில், பர்கூர் மலை மாட்டைக் காட்டில் பட்டி போட்டு வளர்க்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. மேய்ச்சலை 2006 வன உரிமைச் சட்டமே ஓர் உரிமையாகப் பட்டியலிடுகிறது. இன்னொரு பக்கம், வெளியூர்க்காரர்களின் மாடுகளைக் கூலிக்கோ பங்குக்கோ ஓட்டிச் சென்று மேய்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. பந்திப்பூர் ஓரத்துக் கிராமங்களை ஆராய்ந்த எம்.டி.மதுசூதன் 2005-ல் ஒன்றைக் காட்டினார்: உலகச் சந்தையில் காபி விலை ஏறியபோது தோட்டங்களுக்குச் சாணம் விற்பது பெரிய வியாபாரமானது, அதற்காகவே காட்டில் மாடுகள் பெருகின. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் வீடுகளில் காலையில் ஆற்றும் காபிக்கும் காட்டோர மந்தைக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. நகரவாசிகள் புலிகளின் சாவைத் தொலைதூரத்துக் குற்றச் செய்தியாகப் படித்துவிட்டு நகர முடியாது.

வழி இல்லாமல் இல்லை. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகப் பகுதியில் 1995 முதல் கார்பெட் அறக்கட்டளை, அரசுப் பணம் வரும்வரை காத்திராமல், மாட்டை இழந்தவர் கையில் இடைக்கால நிவாரணம் கொடுத்து வருகிறது. இமாசலப் பிரதேசம் ஸ்பிதியின் கிப்பர் கிராமத்தில் 2002-ல் மக்களே சந்தா போட்டு நடத்தும் கால்நடைக் காப்பீடு தொடங்கியது; பனிச்சிறுத்தைக்கு இரையான மாட்டுக்கு அதிலிருந்து பணம் கிடைக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த வனவிலங்கு ஆய்வு மையம் 2015-ல் தொடங்கிய ‘வைல்ட் சேவே’ திட்டத்தில், பந்திப்பூர், நாகரஹொளே சுற்றுவட்டார மக்கள் கட்டணமில்லாத் தொலைபேசியில் அழைத்தால் ஆள் வந்து மனு எழுதித் தருகிறார். சிறுத்தை இரவில் நுழையும் கொட்டகைகளுக்கு உறுதியான கூரையும் கதவும் போட்டுக் கொடுப்பதும் நடந்து வருகிறது. காட்டில் பகலில் அடிக்கும் புலிக்கு அது உதவாது; அங்கே விரைந்து வரும் ஆளும் பணமும்தான் காப்பு.

2022 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் 563 புலிகள். நாட்டில் இரண்டாம் இடம். அந்தப் பெருமைக்குரிய செலவைக் காட்டோரத்து ஏழை மட்டும் சுமப்பது நியாயமல்ல.

மாதேஸ்வரன் மலையிலிருந்தே அரசு தொடங்கட்டும். தகவல் வந்த அன்றே, இருட்டுவதற்குள், வன ஊழியர் மாட்டின் உடலருகே சென்று காவல் நிற்க வேண்டும். நிவாரணத்தில் ஒரு பகுதியை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். மாடு எங்கே அடிபட்டது என்ற காரணத்தைக் காட்டி நஞ்சு வைக்காதவரின் மனுவைத் தள்ளக் கூடாது. வாடகை மந்தை எது, மலைக் குடும்பத்தின் மாடு எது என்பதைக் கிராம சபையோடு உட்கார்ந்து பிரித்து, முதலாவதை மட்டும் வெளியேற்ற வேண்டும். ஒப்பந்தக் காவலர்களுக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு நிதியை ஒதுக்கினால் போதும்.