‘எங்களுக்கேன் சோலி?’: சாவகச்சேரியில் சத்தம் போடுவோரும் சகித்துக்கொள்வோரும்

2025 ஜனவரி 1ஆம் திகதி ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டத்தை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஆரம்பித்து வைத்தார். அது வெறுமனே குப்பை அள்ளும் திட்டம் அல்ல என்று அரசாங்கம் அப்போது அழுத்திச் சொன்னது. சமூகம், சுற்றாடல், ஒழுக்கம் ஆகிய மூன்றிலும் மாற்றம் வேண்டும் என்பதே அதன் பிரகடனம். நடைமுறையில் முதலில் அகப்பட்டவை பஸ்களும் ஓட்டோக்களும்தான். மேலதிக விளக்குகள், முன்கண்ணாடியை மறைக்கும் அலங்காரங்கள், காதைப் பிளக்கும் ஹோர்ன்கள் ஆகியவற்றைக் கழற்றும்படி பொலிஸார் வாகனங்களை மறித்தனர். தனியார் பஸ் சங்கங்களும் ஓட்டோ சாரதிகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். கால அவகாசம் கொடுக்கப்பட்டது. பிறகு அந்தப் பேச்சு மெல்ல அடங்கியது.

ஆனால் அது எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. அடுத்தவரைப் பற்றி யோசிக்காமல் நாம் பொது இடங்களில் செய்யும் சின்னச் சின்னக் காரியங்களை அரசு திருத்த முடியுமா? முடியுமென்றால் யாருடைய பழக்கத்தை அது முதலில் தொடும், யாருடையதைத் தொடாமல் விடும்? இதற்கு விடை தேடச் சாவகச்சேரி போன்ற சிறுநகரம் பொருத்தமான இடம். இங்கே எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான்.

கடந்து போவதும் வீட்டுக்குள் வருவதும்

கண்டி வீதியில் சந்தைப் பக்கம் ஒரு காலைப்பொழுது நின்றாலே போதும். ஆளை ஏற்றுவதற்காக மினிபஸ் வீதியின் நடுவிலேயே நிற்கும். பின்னால் வருபவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருப்பார். கடைவாசலில் மோட்டார் சைக்கிள் குறுக்கே நிற்பதால், பாடசாலைப் பிள்ளைகள் வீதிக்கு இறங்கி நடப்பார்கள். பஸ்ஸுக்குள் சாரதியின் பாட்டு ஒருபுறம், பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசி வீடியோ மறுபுறம். யன்னலால் வெற்றிலை எச்சில் பறக்கும். ஒழுங்கைகளுக்குள் போனால், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் வெறுங்காணி எப்படியோ அந்த அயலின் குப்பைக்கிடங்காகியிருக்கும்.

இவை தமிழருக்கே உரிய குணக்கேடுகள் அல்ல. 2025 பெப்ரவரியில் பிரான்சின் நான்ட் நகர ரயில் நிலையத்தில், கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசிய ஒருவருக்கு 200 யூரோ அபராதம் விதிக்கப்பட்டதாக வந்த செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டது. தொழில்நுட்பம் மலிந்த இடமெல்லாம் இந்த எரிச்சலும் இருக்கிறது.

ஆனால் எல்லாத் தொந்தரவும் ஒரே வகையானவை அல்ல. பஸ் பாட்டை நாற்பது நிமிடம் சகித்தால் இறங்கிவிடலாம். குறுக்கே நிற்கும் மோட்டார் சைக்கிளைச் சுற்றிப் போகலாம். ஒலிபெருக்கிச் சத்தம் அப்படியல்ல. அது மதிலைத் தாண்டி வீட்டுக்குள் வந்து, விடிகாலை முதல் நள்ளிரவு வரை, சில வேளைகளில் பத்து, பதினைந்து நாட்கள் குந்தியிருக்கும். ஓட்டு வீடும் திறந்த யன்னலுமாக வாழும் ஊரில் அதைச் சாத்தி வைக்கக் கதவு கிடையாது.

கோயில் திருவிழா, தேவாலயப் பெருநாள், கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள், விளையாட்டுக்கழகச் சுற்றுப்போட்டி என்று எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி வேண்டும். கேட்க வந்திருப்பவர்கள் ஐம்பது பேராக இருந்தாலும் ஐந்நூறு வீடுகளுக்குக் கேட்க வேண்டும். எவ்வளவு தூரம் கேட்கிறதோ அவ்வளவு பெரிய விழா என்ற கணக்கு ஒன்று எப்படியோ வந்துவிட்டது.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது

இதற்குச் சட்டம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வெளியிடப்பட்ட ஒலிக்கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், இடத்துக்கு ஏற்ப உச்ச அளவுகளை வகுத்திருக்கின்றன. நகரசபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதிகளில் பகலில் 55, இரவில் 45. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொதுநூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் தூரம் அமைதி வலயம். அங்கே பகலில் 50 டெசிபல்தான். சாவகச்சேரி நகரத்தில் ஆதார வைத்தியசாலை, நீதிமன்றம், நூலகம், பாடசாலைகள் என்று எல்லாமே சிறிய எல்லைக்குள் நெருங்கி இருக்கின்றன. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நகரத்தின் கணிசமான பகுதி சத்தம் குறைந்திருக்க வேண்டிய இடம்.

இதைவிட முக்கியமானது 2007 நவம்பர் 9ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. வெலிகமவிலுள்ள ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த அடிப்படை உரிமை வழக்கு அது. அன்றைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு, அதை ஒரு மதத்தின் பிரச்சினையாகப் பார்க்காமல் நாடு முழுவதற்குமான ஒலி மாசு விவகாரமாக எடுத்துக்கொண்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்பது பொது விதி. விசேட சமய நிகழ்வுகளுக்கு விலக்கு அளிக்கலாம். ஆனால் அதற்கு முன் சுற்றயலில் குடியிருப்போரின் கருத்தைப் பொலிஸார் கேட்க வேண்டும். பகல் நேர அனுமதிகூடக் குறிப்பிட்ட தேவைக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே கொடுக்கப்பட வேண்டும்.

இந்தியாவிலும் இதே திசையில் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் 2000ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், பிறரின் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று கூறியது.

ஆக, விதி இருக்கிறது, நேரமும் அளவும் இருக்கின்றன. அனுமதி கொடுக்கும் பொலிஸ் நிலையமும் சந்திக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிறகு ஏன் அதிகாலை ஐந்து மணிக்குப் பாட்டுக் கேட்கிறது?

முறைப்பாட்டின் விலை

விடை இரண்டு சொல்லில் இருக்கிறது: ‘எங்களுக்கேன் சோலி?’

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதைக் கோழைத்தனம் என்பார்கள், அல்லது குடிமை உணர்வு இல்லாமை என்பார்கள். உண்மையில் இது கவனமாகப் போட்ட ஒரு கணக்கு. பொலிஸுக்கு ஒருவர் தொலைபேசி எடுத்தால், யார் எடுத்தது என்பது ஒரு மணித்தியாலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். கோயில் பரிபாலன சபையில் இருப்பவர் பிள்ளைக்குப் படிப்பிக்கும் ஆசிரியராக இருப்பார். விழா நடத்துபவர் கடனுக்குச் சாமான் தரும் கடைக்காரராக இருப்பார். நாளைக்கு ஒரு செத்தவீடு என்றால் பந்தல் போட வருபவர்களும் அவர்களே. ஒரு இரவு நித்திரைக்காக இத்தனை உறவையும் பணயம் வைப்பது யாருக்கும் இலாபமில்லை.

கோயில் நிர்வாகம் ஊரின் ஒரு பகுதியாரின் கையில் இருக்கும் இடங்களில் கணக்கு இன்னும் கடினமாகிறது. மற்றப் பகுதியைச் சேர்ந்தவர் வாய் திறந்தால், பேச்சு சத்தத்தைப் பற்றியதாக இருக்காது. ‘கோயிலையே எதிர்க்க வந்துவிட்டார்’ என்பதாக மாறிவிடும். சாதியும் காணித் தகராறும் பழைய பகையும் அதற்குள் வந்து ஒட்டிக்கொள்ளும்.

எனவே விலையைக் கொடுப்பவர்கள் வாய் திறக்க முடியாதவர்கள்தான். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, பச்சைக்குழந்தையை வைத்திருக்கும் தாய், படுக்கையில் கிடக்கும் முதியவர், விடியுமுன் சந்தைக்கு எழும்ப வேண்டிய வியாபாரி. 2024ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2025 மார்ச்சில் நடந்தது. கோயில்களில் பங்குனிப் பொங்கலும் திருவிழாவும் சூடுபிடிக்கும் காலமும் அதுதான். கெடாத நித்திரைக்குப் படுக்கையறையில் தொடர்ச்சியான சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லிவிட்டது. பெறுபேறு குறைந்தால் பிள்ளையைப் பேசுகிறோம். பக்கத்து வீதி ஒலிபெருக்கியை யாரும் கேட்பதில்லை.

இன்னொரு வகை மனிதரும் இங்கே இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் இந்த நகரம் ஏறத்தாழத் தரைமட்டமானது. ஷெல் சத்தத்தில் ஓடி, பங்கருக்குள் இருந்து, பிறகு திரும்பி வந்து வீடு கட்டியவர்கள் இன்று அறுபது, எழுபது வயதுக்காரர். திருவிழாவிலும் கலியாணத்திலும் திடீரென்று வெடிக்கும் சீனவெடி கொளுத்துபவருக்குக் கொண்டாட்டம். அவர்களில் சிலருக்கு அது வேறொன்றை நினைவுபடுத்துகிறது. அவர்களும் முறைப்பாடு செய்வதில்லை.

இங்கேதான் ‘கிளீன் ஸ்ரீலங்கா’வின் முதல் நடவடிக்கை எதைத் தொட்டது என்பதை மறுபடி பார்க்க வேண்டும். ஓட்டோக்காரரின் மேலதிக விளக்கு சட்டமீறல் ஆனது. செல்வாக்குள்ள சபையின் அதிகாலைப் பாட்டு ‘வழமை’ ஆகவே இருக்கிறது. பலமில்லாதவர் செய்தால் ஒழுக்கக்கேடு, பலமுள்ளவர் செய்தால் பண்பாடு என்றால், அந்தத் திருத்தத்தை மக்கள் நம்பப்போவதில்லை.

சத்தம் எல்லாம் கெட்டதல்ல

எதிர்வாதத்துக்கும் நியாயம் உண்டு. போர்க்காலத்தில் இந்த மண்ணில் திருவிழாக்கள் நின்றன, மின்சாரம் இல்லை, இரவில் ஊரடங்கு. அந்த ஊரில் மறுபடி நாதஸ்வரமும் பாட்டும் கேட்பது, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்ற அறிவிப்பு. புலம்பெயர்ந்தவர்கள் கோடை விடுமுறையில் வந்து பணம் கொடுத்து நடத்தும் விழாக்களில் அந்த ஏக்கம் இருக்கிறது. அதைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் எங்களிடம் வேறு விதமான சத்தங்களும் இருக்கின்றன. திருவெம்பாவைக் காலத்தில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க விடியப்புறத்தில் ஒழுங்கைகளால் போவார்கள். அதை யாரும் தொந்தரவு என்று சொன்னதில்லை. பேத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ மெட்டை வாசித்துக்கொண்டு வரும் பாண் ஓட்டோவையும் ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டும் வரும், சொல்ல வேண்டியதைச் சொல்லும், கடந்து போய்விடும். தொந்தரவு தொடங்குவது, சத்தம் அளவும் முடிவும் இல்லாமல் ஒரே இடத்தில் நிற்கும்போது.

நெருங்கி வாழ்வது எப்படி என்பதும் இந்த ஊருக்குத் தெரியாத விடயமல்ல. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டபோது, இலட்சக்கணக்கானோர் நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கு வந்தனர். அடுத்த ஏப்ரல் வரை வீடுகளும் பாடசாலைகளும் கோயில் மடங்களும் நிறைந்து வழிந்தன. ஒரு கிணற்றில் பல குடும்பங்கள் குளித்தன, ஒரு அடுப்பில் முறைபோட்டுச் சமைத்தன. எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டதால் அது நடக்கவில்லை. முறை என்ற ஒன்றை வகுத்துக்கொண்டதால் நடந்தது. யாருக்கு எப்போது என்று முதலே பேசிக்கொண்டார்கள்.

கேட்கும் பொறுப்பை மாற்றுவது

இன்றைய ஏற்பாட்டின் கோளாறு, கேட்கும் பொறுப்பு தவறான ஆளின் தலையில் இருப்பதுதான். பாதிக்கப்பட்டவர் பெயரோடு வந்து முறையிட்டால்தான் சட்டம் அசைகிறது. இதை மாற்றப் புதிய சட்டம் தேவையில்லை.

முதலாவது, பொலிஸார் கொடுக்கும் ஒலிபெருக்கி அனுமதிப் பத்திரத்தின் பிரதி விழா நடக்கும் இடத்தின் வாசலில் ஒட்டப்பட வேண்டும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது எல்லோருக்கும் தெரிந்தால், நேரம் தாண்டும்போது சுட்டிக்காட்ட முறைப்பாட்டுக்காரர் ஒருவர் தேவையில்லை. பத்திரமே பேசும்.

இரண்டாவது, ஒலி, ஒளி அமைப்பு வாடகைக்குக் கொடுப்பவர்களை அனுமதிக்குள் கொண்டுவர வேண்டும். சத்தத்தைக் கூட்டும் குமிழ் அவர்களின் கையில்தான் இருக்கிறது. பணம் கொடுப்பவர் ‘கூட்டு’ என்றால் இன்று அவரால் மறுக்க முடியாது. அனுமதியில் அவருடைய பெயரும் இருந்தால், ‘எனக்குப் பிரச்சினை வரும் அண்ணை’ என்று சொல்லித் தப்பலாம். யாருக்கும் முகமுறிவு இல்லை.

மூன்றாவது, பரீட்சை நாட்காட்டியைப் பாடசாலைகளும் வலயக் கல்வி அலுவலகமும் முன்கூட்டியே நகரசபைக்கும் பிரதேச சபைக்கும் அனுப்பி, அவை கோயில், தேவாலய நிர்வாகங்களுக்கு அறிவிக்க வேண்டும். கேட்பது ஒரு நிறுவனமாக இருக்கும்போது அதில் தனிப்பகை இல்லை. 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை உள்ளூராட்சி சபைகளில் மக்கள் பிரதிநிதிகள் இருக்கவில்லை. இப்போது இருக்கிறார்கள். வடிகால், வீதிவிளக்கு போலவே இதுவும் அவர்களின் வேலை.

பஸ் பாட்டுக்கும் இதே வழிதான். வழித்தட அனுமதி கொடுக்கும் அதிகாரசபை சத்த அளவை ஒரு நிபந்தனையாக வைத்து, அதை பஸ்ஸுக்குள் எழுதி ஒட்டினால், ‘கொஞ்சம் குறையுங்கோ’ என்று கேட்கும் பயணி சண்டைக்காரர் ஆகமாட்டார்.

2007 தீர்ப்பில் பலர் நினைவில் வைத்திருப்பது இரவு 10 மணி என்ற எல்லையை மட்டும்தான். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் மற்ற வரி கவனிக்கப்படாமல் போய்விட்டது: விலக்கு அளிக்க முன் அயலவரைக் கேட்க வேண்டும். நாம் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். ஒலிபெருக்கி கட்டிய பிறகு, நித்திரை கெட்டவர் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கொடியேறுவதற்கு ஒரு வாரம் முன்பு பரிபாலன சபையில் இருவர் சுற்றியுள்ள ஒழுங்கைகளுக்குப் போய், ‘பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கோ, சுகமில்லாத ஆக்கள் இருக்கினமோ’ என்று கேட்டு வந்தால், அந்தத் திருவிழாவின் பெருமை குறையாது. அந்தக் கேள்வி வீட்டுப்படலைக்கு வரும்போது, ‘எங்களுக்கேன் சோலி’ என்று சொல்ல வேண்டிய தேவையும் அந்த வீட்டுக்காரருக்கு இருக்காது.