சளி மாதிரி முடிவு வரும்வரை காலனி காத்திருக்க வேண்டுமா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காய்ச்சல் முகாம் அறிவிப்புகள் வரத் தொடங்கும். எத்தனை முகாம்கள், எத்தனை பேருக்குச் சளி மாதிரி எடுக்கப்பட்டது என்ற கணக்கும் பின்னாலேயே வரும். மாதிரி கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு எந்த நாளில் மருந்து கிடைத்தது, மூச்சுத் திணறியவர் எத்தனை மணி நேரத்தில் ஆக்சிஜன் படுக்கையை அடைந்தார் என்ற கணக்கு மட்டும் நம் கண்ணில் படுவதில்லை. சேரி மக்களின் உயிரை முடிவு செய்வது இந்த இரண்டாவது கணக்குதான் என்பதால் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

கொரோனாவுக்குப் பிறகு எந்தக் காய்ச்சலுக்கும் 'பாசிட்டிவா, நெகட்டிவா' என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஆனால் பன்றிக் காய்ச்சல் பரவிய 2009இல் மத்திய சுகாதாரத் துறை வகுத்த வழிகாட்டுதல் வேறு விதமாகச் சொல்கிறது. நோயாளிகளை அது ஏ, பி, சி என்று பிரிக்கிறது. லேசான காய்ச்சல், இருமல், உடல்வலி உள்ளவர் ஏ பிரிவு. அவருக்குப் பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் எதிர்ப்பு மருந்தும் வேண்டாம், வீட்டில் ஓய்வு போதும். கடும் காய்ச்சலும் தொண்டை வலியும் உள்ளவர்களும், லேசான காய்ச்சலே என்றாலும் கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், நுரையீரல், இதயம், சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ளவர்களும் பி பிரிவு. இவர்களுக்கும் பரிசோதனை தேவையில்லை. ஆபத்து அதிகமுள்ளவருக்கு ஓசல்டாமிவிர் மாத்திரையை மருத்துவர் உடனே தொடங்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாதல் ஆகியவை தெரிந்தால் அது சி பிரிவு. அவரை மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும், பரிசோதனையும் செய்ய வேண்டும். முடிவு வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைக்கும் இடம் இந்த மூன்று பிரிவிலுமே இல்லை.

இதை நம் தெருவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் நூறில் 29 பேருக்கு மேல் பட்டியல் சாதியினர். செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் தூசியை மூச்சாக இழுப்பவர்கள், ஒருமுறை காசநோய் வந்து நுரையீரலில் தழும்போடு வாழ்பவர்கள், மாதம் தவறாமல் வேலைக்குப் போகும் கர்ப்பிணிகள் என்று எண்ணிப் பார்த்தால், காலனியில் பி பிரிவில் சேர வேண்டியவர்கள் ஊரைவிடக் கூடுதலாகவே இருப்பார்கள் என்பது நம் கணிப்பு. ஆனால் அவர்களையும் 'சாதாரண சளிதான்' என்று அனுப்பிவிடுவதே வழக்கம்.

ஓசல்டாமிவிர் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். கூலித் தொழிலாளி ஒருவரின் 48 மணி நேரம் எப்படிப் போகிறது? முதல் நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போகிறார், போகாவிட்டால் கூலி இல்லை. இரண்டாம் நாள் மாலை மருந்துக் கடையில் நாலைந்து மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து வாங்குகிறார். அதில் ஆன்டிபயாடிக் இருக்கும், சில இடங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. ஸ்டீராய்டோ, காய்ச்சலை அடக்கி நோயை மறைத்துவிடும். மூன்றாம் நாள் முகாமுக்கு வந்து மூக்கில் குச்சி விட்டு மாதிரி கொடுக்கிறார். முடிவு கைக்கு வரும்போது மருந்துக்கான காலம் கடந்துவிடுகிறது.

இந்த மருந்தும் அற்புதம் ஒன்றும் செய்துவிடாது. இன்புளூயன்சாவைத் தவிர வேறு வைரஸுக்கு அது உதவாது. திடகாத்திரமானவருக்கு நோய்க்காலத்தை ஒரு நாள் அளவுக்குக்கூடக் குறைக்காது. பரிசோதனையே வீண் என்றும் நாம் சொல்லவில்லை. மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு எந்த வைரஸ் என்று தெரிந்தால்தான் தேவையற்ற மருந்துகளை நிறுத்தவும், பக்கத்துப் படுக்கைக்குத் தொற்றாமல் தடுக்கவும் முடியும். கொரோனா காலத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கே ஆர்டி-பிசிஆர் ஆய்வகம் வந்தது பெரிய விஷயம். ஆய்வகம் வந்த வேகத்தில் மற்றவை வந்தனவா என்பதே கேள்வி.

ஆய்வகம் இல்லாமலேயே ஆபத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 2022இல் தொடங்கிய 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லா திட்டம்' காசநோய் உறுதியான உடனே மூன்றே விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: எடை எவ்வளவு குறைந்திருக்கிறது, மூச்சு வேகமும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் எப்படி, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. எடை மிகவும் குறைந்திருந்தாலோ, நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் 94க்குக் கீழே போனாலோ, நிற்க முடியாவிட்டாலோ உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். காசநோயைப் பரப்புவது பாக்டீரியா, சளிக்காய்ச்சலைப் பரப்புவது வைரஸ். ஆனால் மூச்சுத் திணறலை அளக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். பருவமழைக் காலத்தில் இதே முறையைக் காய்ச்சல் முகாமில் பின்பற்ற என்ன தடை?

குழந்தைகளுக்கு இன்னும் எளிது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. இருமலோடு, 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ, 2 மாதம் முதல் ஓராண்டுக்குள் 50, ஒரு வயது முதல் ஐந்துக்குள் 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேகமூச்சு, நிமோனியாவாகக் கருத வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கடிகாரம் பார்க்கத் தெரிந்த எந்தத் தாயும், எந்த அங்கன்வாடி ஊழியரும் செய்யக்கூடியது இது.

எண்ணச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையர்களில் இது 3.6 சதவீதம் மட்டுமே. நிறத்தை வைத்து சாதியைச் சொல்ல முடியாது. ஆனால் வெயிலில் உழைத்துக் கறுத்த விரலில் மாட்டும்போது இது நினைவிருக்க வேண்டும். கருவி 95 காட்டினாலும் மூச்சு வாங்குகிறவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பரிசோதனைத் தாளுக்கு மருத்துவத்துக்கு அப்பாலும் ஒரு மதிப்பு உண்டு. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. பரிசோதனையில் உறுதியான நாளிலிருந்தோ, மருத்துவமனையில் மருத்துவர் கொரோனா என்று கணித்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் இறந்தால் அது கொரோனா மரணம். பரிசோதனையும் இல்லாமல், ஆஸ்பத்திரி வாசலும் மிதிக்காமல் காலனி வீட்டில் மூச்சடங்கியவரின் குடும்பம் எந்தத் தாளைக் காட்டும்? தூய்மைப் பணியில் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கும் இதே கதை. சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்து, 78 நாள் பங்களிப்பும் இருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலியோடு நோய்ப்படி பெறலாம். அந்த எண்ணையே கண்ணில் காட்டாத ஒப்பந்ததாரர்களும் இருக்கிறார்கள்.

முகாம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. ஊர்ப் பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ பகலில் நடக்கும் முகாமுக்கு, கரும்பு வெட்டப் போனவரும் நூறு நாள் வேலைக்குப் போனவரும் வர முடியாது. அந்த வேலையில் செயலியில் படம் எடுத்தே வருகை பதிவாகிறது, நடுவில் போனால் கூலியில் கை வைப்பார்கள். முகாம் காலனிக்குள், மாலை ஆறு மணிக்கு மேல் நடக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு தேடி வருபவரின் பையில் ஓர் ஆக்சிமீட்டரும் இருக்கட்டும். பி பிரிவினருக்கான ஓசல்டாமிவிர் மழைக்காலம் முடியும்வரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தீராமல் இருக்கட்டும். பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கென 2024இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க அது சொல்கிறது. தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 20.01 சதவீதம். ஒதுக்கும் அந்தப் பணத்தில் சுகாதாரத் துறை காலனிக்கு என்ன வாங்கியது என்று கேட்கலாம்.

கேட்க வேண்டிய இடம் கிராம சபை. நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கூட்டத்தில் கேட்க இரண்டு கேள்விகள் போதும்: நம் துணை சுகாதார நிலையத்தில் வேலை செய்கிற ஆக்சிமீட்டர் எத்தனை? அடுத்த காய்ச்சல் முகாம் எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.