ஆயுளுக்கும் ஒரே தோலா?

ரத்த வகையைச் சொல்வதுபோலத்தான் நம் ஊரில் சரும வகையையும் சொல்கிறார்கள். “எனக்கு ஆயிலி ஸ்கின்”, “எங்க வீட்ல எல்லாருக்குமே டிரை ஸ்கின்தான்.” பதினாறு வயதில் பரு வந்தபோது யாரோ வைத்த பெயர் நாற்பத்தெட்டு வயதிலும் மாறாமல் இருக்கிறது. அந்தப் பெயருக்காக வாங்கிய சோப்பும் ஃபேஸ்வாஷும்கூட மாறுவதில்லை. இந்த நம்பிக்கை தவறானது. நடுவயதுப் பெண்களையும் வயதானவர்களையும் ராத்திரி தூங்கவிடாமல் சொறிய வைக்கிற தவறு இது.

இந்த வகைப் பிரிவே ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல, கடையில் பிறந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெல்போர்னில் அழகு நிலையம் தொடங்கிய ஹெலனா ரூபின்ஸ்டைன், தோலை வறண்டது, எண்ணெய்ப் பசையுள்ளது என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிரீம் விற்கும் வழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். விற்பதற்கு வசதியான பிரிவுதான். ஆனால் தோல் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதில்லை.

முகத்தில் எண்ணெய் சுரக்கச் செய்வது ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். பருவ வயதில் அவை கூடும்போது எண்ணெயும் கூடுகிறது, பருவும் வருகிறது. ஆண்களுக்கு இந்தச் சுரப்பு முதுமை வரை பெரிதாகக் குறைவதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு படிப்படியாக இறங்குகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது ஏறக்குறைய 46. மேலை நாட்டுப் பெண்களைவிட நாலைந்து வருடம் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதல் ஐந்தாண்டுகளுக்குள் தோலின் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் வரை போய்விடலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. அதாவது பள்ளியில் படிக்கும் மகளின் எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும் அதே வருடங்களில் அம்மாவின் எண்ணெய் இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்படியிருந்தும் இரண்டு பேரும் ஒரே சோப்பைத் தேய்க்கிறார்கள்.

சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய நூம்பல் போன்ற புறநகரில் ஒரு வீட்டுக் குளியலறையைப் பாருங்கள். குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். பிளாஸ்டிக் வாளியின் உள்பக்கம் சொரசொரவென்று ஒரு வளையம். குடிக்கக் கேன் தண்ணீர், குளிக்க போர் தண்ணீர். சோப்பு டப்பா ஒன்றுதான். தாத்தா, மருமகள், பேத்தி எல்லோருக்கும் அதே கட்டி. கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காக மாறுகின்றன. வாளியில் வளையம் போடும் அந்தப் பிசுக்கு தோலிலும் தங்குகிறது. சோப்பு நுரைக்காததால் இன்னும் அதிகமாகத் தேய்க்கிறோம், இன்னும் அதிகமாகத் தங்குகிறது. பேத்தியின் எண்ணெய்த் தோல் இதைத் தாங்கிக்கொள்ளும். தாத்தாவின் முழங்காலுக்குக் கீழே பார்த்தால், வெயிலில் வெடித்த ஏரி மண் மாதிரி கோடு கோடாகப் பிளந்திருக்கும். நகத்தால் லேசாக இழுத்தாலே வெள்ளைக் கோடு விழும்.

தண்ணீரின் பங்கை யாரும் கற்பனையாகச் சொல்லவில்லை. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் மூன்று மாதக் குழந்தைகள் 1,303 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், கடின நீர்ப் பகுதிக் குழந்தைகளிடம் எக்ஸிமா கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே நகருக்குள் கீழ்ப்பாக்கத்தில் இருந்தவரை ஒத்துக்கொண்ட சோப்பு, நூம்பலுக்குக் குடிவந்த பிறகு எரிச்சல் தந்தால் அது மனப்பிரமை ஆகாது. தண்ணீர் மாறியிருக்கிறது. நாள் முழுக்க ஏசியில் உட்காரும் வேலை கிடைத்திருந்தால் காற்றும் மாறியிருக்கிறது.

நல்ல சோப்பு எப்போதும் நல்ல சோப்பு என்பது இதே நம்பிக்கையின் இன்னொரு கிளை. உறையில் டிஎஃப்எம் (மொத்தக் கொழுப்புப் பொருள்) 76 சதவீதம் என்று பார்த்து வாங்குகிறவர்கள் கவனமானவர்கள்தான். இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் தரக் குளியல் சோப்புக்கு அதுவே குறைந்தபட்சம். ஆனால் முதல் தரமானாலும் சோப்பு காரத்தன்மை உள்ளது. அதன் பிஎச் 9, 10 என்று நிற்கும். தோலின் பிஎச் 5ஐ ஒட்டியது. இளம் தோல் கழுவிய சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், வயதான தோலுக்கு அது மெதுவாகத்தான் நடக்கும். சென்னையில் 1969இல் ரயில்வே மருத்துவர் வி.பி. சித்தன் உருவாக்கிய மெடிமிக்ஸ், ரயில்வே தொழிலாளர்களின் தோல் பிரச்சினைகளை மனதில் வைத்துப் பிறந்த சோப்பு. குறிப்பிட்ட தோலுக்கு, குறிப்பிட்ட வேலைச் சூழலுக்கு என்று யோசித்த அந்தப் பழக்கத்தைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

பழைய சரும வகையை நம்புவதால் வரும் பெரிய கேடு மங்கு விஷயத்தில் நடக்கிறது. கர்ப்பத்திலோ அதற்குப் பிறகோ கன்னத்தில் மங்கு படர்கிறது. தோல் மாறிவிட்டது, வெயிலிலிருந்து அதைக் காக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. “முன்னாடி உனக்கு அந்த கிரீம் ஒத்துக்கிச்சே” என்கிறார்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் அந்த கிரீமில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, கிரீமை நிறுத்தினாலே முகம் சிவந்து எரியும். இந்தியா முழுவதும் 12 மையங்களில் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து போராடிய பிறகு, 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது, கவுன்டரில் பழக்கம் முழுதாக மாறவில்லை.

“எங்க பாட்டி ஆயுசுக்கும் ஒண்ணுதான் தேச்சாங்க, தோல் மினுமினுன்னு இருந்துச்சு” என்று இதற்கு ஒரு பதில் வரும். பாட்டி தேய்த்தது பயத்தமாவு, பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர், வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல். தவிர, பாட்டி ஒன்றையே தேய்க்கவும் இல்லை. கைக்குழந்தைக்கு ஒரு மாதிரி, வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஒரு மாதிரி, பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதிரி என்று ஆளுக்கும் பருவத்துக்கும் தகுந்தபடி அரைத்துக் கொடுத்தவர் அவர். மாற்றக் கூடாது என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது அநியாயம்.

மாற்றம் என்றதும் இன்னும் நாலு டப்பா வாங்க வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் நிறுத்துவதுதான் வேலை: ஸ்கிரப்பை, முகத்தை இழுத்துப் பிடிக்கும் ஃபேஸ்வாஷை, டெட்டால் கலந்த வெந்நீரை. சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதத்தோடு நிறுத்திக்கொண்டு கைகால்களைத் தண்ணீரில் மட்டும் கழுவலாம். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் பலருடைய அரிப்பு அடங்கிவிடும். மாறாக, முதல் தடவையாக நெற்றியில் பரு வரும் பிள்ளைக்கு அதே தேங்காய் எண்ணெயை முகத்தில் பூசுவது பருவைக் கூட்டும்.

அடங்காத வறட்சியை வெறும் சரும வகை என்று தள்ளிவிடக் கூடாது. சர்க்கரை நோயிலும், தைராய்டு சுரப்பு குறையும்போதும், சிறுநீரகம் பழுதுபடும்போதும் தோல் வறண்டு அரிக்கும். “அவருக்கு எப்பவுமே டிரை ஸ்கின்தாங்க” என்று வீட்டார் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தால் ரத்தப் பரிசோதனை மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது முதல் வீடு தேடிவந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வருகிற பெண் தன்னார்வலர்கள் புடவையையும் வேட்டியையும் கணுக்காலுக்கு மேலே தூக்கச் சொல்லி, காலையும் பாதத்தையும் ஒரு நிமிடம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். போன வருடம் இல்லாத வறட்சியா, எப்போதிருந்து, எந்தச் சோப்பு, எந்தத் தண்ணீர் என்று நாலு கேள்வி கேட்பதற்குத் தனிக் கருவியோ தனி நிதியோ வேண்டாம்.