ஆங்கிலச் சிறப்புப் பட்டமும் தோட்டத்து மாணவரும்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலங்களில், லுணுகலை, ஹொப்டன், மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களிலிருந்து கலைப்பீடத்துக்குத் தெரிவாகும் பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் எம்மை மகிழ்விக்கின்றன. தமிழ், புவியியல், அரசறிவியல் ஆகிய துறைகளில் அவர்கள் தடம் பதித்தும் வருகின்றனர். ஆனால், ஆங்கிலத்தைத் தனித்துறையாகக் கற்றுச் சிறப்புப் பட்டம் பெறுவோர் அவர்களுள் மிகச் சிலரே. இதனைத் தனி மாணவரின் குறைபாடாகக் கொள்வது நியாயமாகாது.

கலைப்பீட மாணவர் முதலாம் ஆண்டில் பொதுவாக மூன்று பாடங்களைக் கற்கின்றனர். அவ்வாண்டுப் பெறுபேற்றின் அடிப்படையிலேயே சிறப்புக் கற்கைக்கான தெரிவு நடைபெறுகின்றது. பொதுப் பட்டம் மூன்று ஆண்டுகளில் நிறைவடைய, சிறப்புப் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் தேவைப்படுகின்றன. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் முன்னையது 5ஆம் மட்டத்திலும் பின்னையது 6ஆம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. கவிதை, நாடகம், நாவல், விமர்சனம், மொழியியல் என ஒரே துறையில் ஆழ்ந்து கற்று, இறுதியில் மேற்பார்வையாளர் ஒருவரின் வழிகாட்டலில் ஆய்வுக் கட்டுரையும் சமர்ப்பிக்க வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிப்பதற்குச் சிறப்புப் பட்டமும் நல்ல வகுப்புச் சித்தியும் அடிப்படைத் தகைமைகளாகும்.

எனினும், தோட்டத்துப் பிள்ளைக்கு இந்தக் கதவு பேராதனையிலோ கொழும்பிலோ மூடப்படுவதில்லை. அது பாடசாலையிலேயே மூடப்பட்டுவிடுகின்றது. 1960ஆம் ஆண்டு முதல் கலைப்பீடத்தில் தாய்மொழிப் போதனை இடம்பெற்றதனால் கிராமப்புறப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி கிட்டியது. அது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால், ஆங்கிலத் துறையில் ஆங்கிலத்திலேயே கற்க வேண்டும். உயர்தரத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்றிருப்பதையோ, தகுதிகாண் தேர்வில் தேறுவதையோ அத்துறைகள் பொதுவாக எதிர்பார்க்கின்றன. தோட்டப் பாடசாலை மாணவருக்கு உயர்தரத்தில் கிடைப்பதோ பொது ஆங்கிலம் மட்டுமே. அதன் புள்ளி இசட் புள்ளிக் கணிப்பில் சேர்வதில்லை. கணக்கில் சேராத பாடத்தில் மாணவர் அக்கறை கொள்ளவில்லை என்று குறை கூறுவதில் பயனில்லை.

மாவட்ட ஒதுக்கீடு இருக்கின்றதே எனச் சிலர் கேட்கலாம். கல்வியில் பின்தங்கியனவாகக் கருதப்படும் 16 மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று என்பது உண்மையே. ஆனால், அந்த ஒதுக்கீடு மாவட்டம் முழுமைக்கும் உரியது. பதுளை, பண்டாரவளை நகரங்களின் வசதிமிக்க பாடசாலை மாணவருடன் லுணுகலைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்றே போட்டியிட வேண்டியுள்ளது.

இத்தடைகளைத் தாண்டி முதலாம் ஆண்டை முடித்தவருக்கும் நான்காவது ஆண்டு ஒரு சுமையாகவே தோன்றுகின்றது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அத்தகைய குடும்பத்தில் ஓராண்டு முன்னதாகப் பட்டம் பெறுவதென்பது, ஓராண்டு முன்னதாகத் தொழில் தேடத் தொடங்குவதாகும். ஆகவே, ஆற்றல் இருந்தும் பொதுப் பட்டத்துடன் திரும்பும் மாணவரைக் குறை சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

ஆயினும், இழப்பு அம்மாணவருடன் முடிவதில்லை. புண்டலுஓயா மடகும்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலேயே எழுதி உலகறியச் செய்தார். ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் தமிழ்ப் படைப்புகளோ ஆங்கிலத்தில் இன்னும் விரிவாகப் பேசப்பட வேண்டியவை. அவற்றை மொழிபெயர்க்கவும் ஆராயவும் லயத்து வாழ்வையும் ஆங்கில இலக்கியத்தையும் ஒருசேர அறிந்தவர்கள் வேண்டும். மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவடைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். இனியும் எம்மைப் பற்றிய ஆய்வுகளைப் பிறர்தான் எழுத வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் இல்லாததால் ஆங்கிலப் பட்டதாரி உருவாகவில்லை. ஆங்கிலப் பட்டதாரி உருவாகாததால் ஆசிரியரும் கிடைக்கவில்லை. இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் உடைத்தாக வேண்டும்.

அதற்குப் பெருந்திட்டங்கள் தேவையில்லை. பசறை - லுணுகலைப் பகுதியின் தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றிலாவது உயர்தரத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்பிக்க ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் ஏற்பாடு செய்ய வேண்டும். 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அயலிலுள்ள தோட்டப் பாடசாலைகளுக்கு வார இறுதி ஆங்கில வகுப்புகளை நடத்த முன்வரலாம். சிறப்புக் கற்கைக்குத் தெரிவாகும் தோட்டத்து மாணவரின் நான்காவது ஆண்டுச் செலவை ஏற்பது, மேடைதோறும் கல்வியைப் பற்றிப் பேசும் எமது தொழிற்சங்கங்களுக்கு இயலாத காரியமல்ல.

மாணவருக்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். முதலாம் ஆண்டில் பிறரைப் போல் ஆங்கிலம் பேச இயலவில்லை என்பதற்காகத் துறையை விட்டு விலகிவிடாதீர்கள். பேச்சில் பின்னின்றவர் வாசிப்பில் முன்னேறி வகுப்புச் சித்தி பெறுவது கலைப்பீடத்துக்குப் புதிதல்ல. இத்துறையில் உங்களுள் ஒருவர் பெறும் சிறப்புப் பட்டம், லுணுகலையில் ஒரு வகுப்பறைக்கு ஓர் ஆசிரியரைப் பெற்றுத்தரக்கூடும்.