மூன்றாம் வகுப்புக்குக் கீழே

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபியின் தலைவர் அவர்களுக்கு,

நெய்வேலிக்கும் தங்கள் வாரியத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. பொதுத்துறை நிறுவனப் பங்குகளில் குறைந்தது 10 விழுக்காடு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்ற அப்போதைய விதிக்கு 2013 ஆகஸ்ட் கெடு. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் மத்திய அரசு வைத்திருந்ததோ 93.56 விழுக்காடு. ஒரு பகுதியை விற்கப் போகிறார்கள் என்றதும் ஜூலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கடைசியில் செபியின் ஒப்புதலோடு 3.56 விழுக்காட்டைத் தமிழக அரசு நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. பங்கு என்றால் என்ன என்று சுரங்கத் தொழிலாளி தன் சம்பளத்தைப் பணயம் வைத்துக் கற்ற மாதங்கள் அவை.

அந்தத் தொழிலாளி 60 வயதில் ஓய்வு பெறுகிறார். பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் ஒரே மூச்சில் கைக்கு வருகின்றன. வாழ்நாளில் அவர் பார்த்திராத தொகை. யாரை நம்பி அதைப் போடுவார்? தெரிந்த முகத்தைத்தான். பி.ஏ.சி.எல். நிறுவனம் பொதுமக்களிடம் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி 2014இல் தங்கள் வாரியமே உத்தரவிட்டது. தமிழகத்தில் ஆருத்ரா முதலீட்டு மோசடி வழக்கின் தொகை 2,400 கோடி ரூபாயைத் தாண்டியது. இத்தகைய மோசடித் திட்டங்கள் வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் அக்கம்பக்கத்தார், உறவினர் வழியாகத்தான். அப்படியானால், தெரிந்த முகமே முறையாகப் படித்து, தேர்வெழுதி, பதிவு பெற்ற முகமாக இருந்தால் என்ன?

அதற்கான வழியைச் செபியே 2012 செப்டம்பர் சுற்றறிக்கையில் போட்டுவைத்தது. அஞ்சல் முகவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி அதிகாரிகள், அரசு மற்றும் அரசு சார்ந்த பணியாளர்கள் எளிய தேர்வொன்றை எழுதி, எளிய மியூச்சுவல் ஃபண்ட் திட்டங்களை மட்டும் விற்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அரசுப் பணியாளர் என்ற இடத்தில் ஒரு நிபந்தனை: பணிநிலையில் மூன்றாம் வகுப்பு அல்லது அதற்கு மேல். அந்தக் கோட்டுக்குக் கீழே மண்ணும் கரியுமாக உழைத்தவருக்கு அந்தப் பட்டியலில் பெயர் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

100 கேள்விகள் கொண்ட முழு விற்பனையாளர் தேர்வு எல்லோருக்கும் திறந்திருக்கிறதே என்று பதில் வரலாம். உண்மைதான். ஆசிரியருக்கும் அது திறந்தேதான் இருந்தது. இருந்தும் அவருக்கெனத் தனி வாசல் வைத்தீர்கள். பள்ளிப் படிப்பை விட்டுப் பல பத்தாண்டுகள் ஆனவருக்கு அந்த வாசல் இன்னும் அதிகமாகத் தேவை.

மியூச்சுவல் ஃபண்ட் விற்பனைக்கு அந்தச் சுரங்கத் தொழிலாளி பொருத்தமானவரும்கூட. மண்ணை அகழும் பக்கெட் வீல் இயந்திரத்தில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்து ஷிஃப்ட் முழுக்கக் குறிப்பெழுதியவருக்கு எண்கள் அந்நியமல்ல. கண்ட கோளாறை மறைத்தால் ஆளே போய்விடும் என்பதும் தெரியும். இன்னொன்று: 2018 அக்டோபரில் விற்பவருக்கான முன்பணக் கமிஷனைத் தாங்கள் நிறுத்திவிட்டீர்கள். அதன்பின் முதலீடு நீடிக்கும் காலமெல்லாம் பெரும்பாலும் சிறுகச் சிறுகத்தான் வருமானம். வாடகை கட்டவேண்டிய இருபத்தைந்து வயதுக்காரர் இதற்குக் காத்திருக்க முடியாமல் அவசரப்பட்டு எதையாவது விற்றுவிடுவார். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, கொஞ்சம் பென்ஷனும் வருகிறவரால் காத்திருக்க முடியும்.

ஆகவே அந்த வகுப்பு நிபந்தனையை எடுத்துவிடுங்கள். பத்தாண்டு உழைத்த ஒப்பந்தத் தொழிலாளியையும் சேருங்கள். பாடநூல் பேச்சுக்கு நெருங்கிய தமிழில் இருக்கட்டும். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு முன்பே பயிற்சி தொடங்கட்டும். முதல் வகுப்பை நெய்வேலியிலேயே, இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்து வருகிறவருக்கும் தோதான நேரத்தில் வையுங்கள்.